கேபிளே ஆன்டெனாவாக மாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"ஓ.எம்., 40 மீட்டரில் பேசினால் மைக் உதட்டைச் சுடுகிறது. இன்னொரு எர்த் அடித்தால் சரியாகிவிடுமா?"

எனக்கு இரவில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. ஓ.எம். என்பது ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், ஒருவரையொருவர் அழைக்கும் சொல்; 40 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சரியாகாது என்பதே என் பதில். டிரான்ஸீவரையும் (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி) ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்குள் அடங்கி ஓட வேண்டிய ஆர்.எஃப். (ரேடியோ அலைவெண்) மின்னோட்டத்தில் ஒரு பகுதி, மையக் கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் வெளிப்புறத்தில் ஏறி, மாடியிலிருந்து வீட்டுக்குள் இறங்கி வருகிறது. ஹாம்கள் இதைக் காமன் மோட் கரண்ட் என்பார்கள். இங்கே வெளியோட்டம் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

முதல் மாடி அறையிலிருந்து தோட்டத்து எர்த் குழிவரை போகும் கம்பி எட்டுப் பத்து மீட்டராவது இருக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 10.5 மீட்டர். ஏறக்குறைய அந்த நீளமுள்ள கம்பியின் மறுமுனையை எவ்வளவு நல்ல குழியில் புதைத்தாலும், அறைப்பக்க முனை ஆர்.எஃப்.-க்கு எர்த் ஆகாது. வெளியோட்டம் பரவ இன்னொரு வழி கிடைத்ததுதான் மிச்சம். உப்பும் கரியும் போட்டு மூன்று குழி வெட்டிய பிறகும் மைக் சுட்டுக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். மின்கசிவுக்கும் இடிக்கும் எர்த் கட்டாயம் வேண்டும். இந்தக் கோளாறுக்கு அது மருந்தில்லை.

கீழே உள்ளவை கடலூர்ப் பக்கத்து மொட்டை மாடிகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவை. 100 வாட் டிரான்ஸீவர், தலைகீழ் வி வடிவ டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இரண்டு கைகளுள்ள கம்பி ஆன்டெனா) அல்லது முனையில் ஊட்டும் கம்பி, 15 முதல் 30 மீட்டர்வரை ஆர்.ஜி. 58 அல்லது ஆர்.ஜி. 213 கேபிள் என்ற அமைப்பை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்களுக்கு ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும், சக்தியை வெப்பமாக்கிவிடும் சுமை) வேண்டும். பிறகு ஒரு மின்னோட்டக் கவ்வி மீட்டர். இதை அரை நாளில் வீட்டிலேயே செய்துவிடலாம். இரண்டாகத் திறந்து மூடும் ஃபெரைட் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பாதியில் மெல்லிய எனாமல் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்றின் இரு முனைகளுக்கும் குறுக்கே 50 ஓம் வரும்படி இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை இணையாக வையுங்கள். அடுத்து ஒரு ஜெர்மேனியம் அல்லது ஷாட்கி டயோடு, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 20 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், ஒரு மைக்ரோ ஆம்பியர் முள் மீட்டர். பழைய டேப் ரிக்கார்டரின் முள் மீட்டரே போதும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைக்காதீர்கள்; ஆர்.எஃப். பக்கத்தில் அது பொய் சொல்லும்.

கேபிளை இந்தக் கிளிப்புக்குள் விட்டு மூடினால், உள்ளே எதிரெதிராக ஓடும் இரண்டு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மீட்டர் முள்ளை அசைப்பது வெளியோட்டம் மட்டும்தான்.

பிறர் பேசாத அலைவரிசையில், உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, 10 வாட்டில் பேச்சில்லாத வெறும் சுமையலையை (கேரியர்) அனுப்புங்கள். இன்னொருவர் கிளிப்பைக் கேபிள் நெடுகிலும் நகர்த்திக்கொண்டே போகட்டும். ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். வெளியோட்டத்துக்கும் மேடு பள்ளம் உண்டு. 40 மீட்டரில் ஒரு மேட்டுக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 மீட்டர். நீங்கள் பார்த்த இடம் பள்ளமாக இருந்திருக்கலாம். மேடு எங்கே, முள் எவ்வளவு என்று சுண்ணக்கட்டியால் சுவரிலேயே குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தக் குறியோடு ஒப்பிட்டால்தான் முன்னேறுகிறோமா என்று தெரியும்.

அடுத்து டம்மி லோடு.

டிரான்ஸீவரின் பின்புறத்திலேயே டம்மி லோடை மாட்டினேன். அறிகுறி அப்படியே இருக்கிறது. ஆன்டெனா குற்றவாளி இல்லை. மைக் வயர், மின்வழங்கி, டிரான்ஸீவர் ஆகிய மூன்றில் ஒன்று. மைக்கையும் மின்வழங்கியையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

அங்கே மாட்டினால் அறிகுறி இல்லை. கேபிளின் மாடி முனையில் மாட்டினால் வருகிறது. கேபிளோ கனெக்டரோ கெட்டிருக்கிறது. நேராக "மழைக்குப் பிறகு" என்ற பகுதிக்குப் போங்கள்.

இரண்டு இடத்திலும் இல்லை. ஆன்டெனாவை மாட்டினால் மட்டும் வருகிறது. இதுதான் நாம் தேடும் வெளியோட்டம். உங்கள் அறிகுறியைக் கீழே பாருங்கள்.

## அறிகுறி: மைக், மோர்ஸ் சாவி, டிரான்ஸீவரின் உலோக உடல் தொட்டால் சுடுகிறது

### அனுப்பாத நேரத்திலும் சுருக்கென்கிறதா?

அப்படியானால் இங்கேயே நிறுத்துங்கள். அது ஆர்.எஃப். இல்லை, 230 வோல்ட் மின்கசிவு. மின்வழங்கியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம்; நியூட்ரலும் ஃபேஸும் மாறியிருக்கலாம். இரைச்சல் குறைகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிளக் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வானொலி அறைக்குள் குழந்தைகளும் வருகிறார்கள்.

### அனுப்பும்போது மட்டும் சுடுகிறதா?

காசில்லாமல் செய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

பி.எல். 259 கனெக்டர்கள் அத்தனையையும் கையால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கேபிளை இலேசாக முறுக்குங்கள். கனெக்டருக்குள் கேபிள் சுழன்றால் பின்னலில் ஈயம் பிடிக்கவில்லை என்று பொருள். பின்னல் விட்டுவிட்டுத் தொடும் கனெக்டர் வெளியோட்டத்துக்கு வாசல் திறந்து வைத்தது போலத்தான்.

கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். டைபோலின் நடுவிலிருந்து கேபிள் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். முடிந்தால் கால் அலைநீளத்துக்காவது அப்படியே வரவேண்டும். நம் மாடிகளில் அவ்வளவு உயரம் கிடைப்பதில்லை என்பது தெரியும். ஆனாலும் ஒரு கையின் அடியிலேயே கேபிளை ஓட்டிச் சென்று மாடிப்படிக்குக் கொண்டுவருவதைத் தவிர்க்கலாம். அந்தக் கை கேபிளின் பின்னலில் மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். நடுவில் எவ்வளவு நல்ல சோக் (வெளியோட்டத்தைத் தடுக்கும் சுருள்) இருந்தாலும் அதற்குக் கீழே நடக்கும் இந்தத் தூண்டலை அது தடுக்காது.

இரண்டு கைகளுக்கும் அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கை வெட்டவெளியில், மற்றொன்று இரும்புத் தொட்டித் தாங்கிக்கு அரை மீட்டரில் என்றால் சமநிலை குலைந்துவிடும். ஒருமுறை இரண்டு மணி நேரம் தேடியும் காரணம் பிடிபடாத ஒரு வீட்டில், துணி எடுக்க வந்த அம்மையார் கொடிக்கம்பியை இழுத்தபோது மீட்டர் முள் துள்ளியது. டைபோலின் ஒரு கைக்கு நேர் கீழே, அதற்கு இணையாக, ஒன்பது மீட்டர் ஜி.ஐ. கொடிக்கம்பி! அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டினோம். முள் பாதிக்குக் கீழே இறங்கியது. அன்றுமுதல் எந்த மாடிக்குப் போனாலும் முதலில் கொடிக்கம்பியைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது அறைக்குள்ளே. டிரான்ஸீவர், மின்வழங்கி, டியூனர் (ஆன்டெனாவை டிரான்ஸீவருக்குப் பொருத்தும் பெட்டி), கணினி இவற்றின் உலோக உடல்களைக் குட்டையான, தடித்த பின்னல் பட்டையால் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கை நீளத்துக்குள் இருக்கட்டும். எல்லாக் கருவிகளும் ஒரே நிலையில் இருந்தால் அவற்றுக்கிடையே மின்னோட்டம் பாயக் காரணமில்லை. வீட்டின் பாதுகாப்பு எர்த்தும் இதே இணைப்பில் சேர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டால் செலவு செய்யலாம். ஆன்டெனாவின் ஊட்டுமுனையில், அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், ஒரு சோக். டியூப் லைட் சோக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபெரைட் வளையத்தில் அதே கோஆக்ஸ் கேபிளைச் சுற்றிச் செய்வது. 31 என்ற கலவையில் வரும் 61 மில்லிமீட்டர் வளையம், கடைகளில் எஃப்.டி. 240-31 என்று கேளுங்கள். ஆர்.ஜி. 58 கேபிளில் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் எடுத்து 11 முதல் 13 சுற்று. 80, 40, 20 மீட்டர்களுக்கு இது நன்றாக உழைக்கிறது. 15, 10 மீட்டர்களுக்குச் சுற்றைக் குறைக்க வேண்டும். உட்காப்பு நுரைப் பொருளாக இருக்கும் கேபிளைச் சுற்றாதீர்கள். நெருக்கமான வளைவில் மையக் கம்பி நாளடைவில் நுரையை அறுத்துக்கொண்டு போய்ப் பின்னலைத் தொட்டுவிடும்.

ஊட்டுமுனைச் சோக்குக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக். அதற்குமேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

கேபிளை இரண்டு மூன்று மீட்டர் நீட்டினால் சூடு போய்விடுகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். மேடு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும், ஒருவேளை படுக்கையறைச் சுவருக்கு. நோயைக் கண்டறிய இந்தச் சோதனை உதவும். அதைச் சிகிச்சையாகக் கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் எண்) நிலையாக இல்லை

### கேபிளைக் கையால் பிடித்தால் மாறுகிறது

குறைந்த சக்தியில் அனுப்பிக்கொண்டே கேபிளின் வெளியுறையை ஒரு கையால் இறுகப் பிடியுங்கள். ஒழுங்கான கேபிளுக்கு உங்கள் கை இருப்பதே தெரியாது. எஸ்.டபிள்யூ.ஆர். முள் நகர்ந்தால் வெளியோட்டம் உறுதி. வேறு கருவி எதுவும் கைவசம் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் சோதனை.

### கேபிளின் நீளத்தைக் கூட்டினால் மாறுகிறது

ஒன்றரை மீட்டர் இணைப்புக் கேபிள் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். 1.3 இருந்தது 1.8 ஆனால், அல்லது 1.8 இருந்தது 1.3 ஆனால், மீட்டர் பார்ப்பது ஆன்டெனாவை மட்டும் இல்லை, கேபிளின் வெளிப்புறத்தையும் சேர்த்துத்தான். கேபிள் நீள நீள எஸ்.டபிள்யூ.ஆர். சிறிது சிறிதாகக் குறைவது வேறு. அது கேபிளின் இழப்பினால் வருவது. ஏறி இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த நிலையில் ஆன்டெனாவின் நீளத்தை வெட்டித் திருத்தாதீர்கள். தவறான அளவைப் பார்த்து வெட்டிய கம்பி திரும்ப வராது. முதலில் சோக், பிறகு அளவு, கடைசியில் வெட்டு.

டியூனர் போட்டு 1.0 ஆக்கிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டியூனர் டிரான்ஸீவரை மட்டும் சமாதானப்படுத்துகிறது. டியூனருக்கு வெளியே கேபிளில் எதுவும் மாறவில்லை. கவ்வி மீட்டரை வைத்துப் பாருங்கள், தெரியும்.

### மையத்தை விட்டு விலகி ஊட்டும் டைபோல் வைத்திருக்கிறேன்

விண்டம் என்று பேச்சில் சொல்லப்படும் இந்த வகையில் இரண்டு கைகளும் நீளத்தில் ஒன்றில்லை. ஆகவே வெளியோட்டம் கூடவே பிறக்கிறது. 4:1 பேலன் (ஊட்டுமுனையில் கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் மின்மாற்றி) வோல்டேஜ் வகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கரண்ட் வகை 4:1 பேலனும், அதற்குக் கீழே தனியாக ஒரு 1:1 சோக்கும் வேண்டும். இரண்டில் ஒன்றைவைத்துச் சமாளிக்க முயன்ற யாரும் என் அனுபவத்தில் நிம்மதியாக இல்லை.

## அறிகுறி: அனுப்பத் தொடங்கியதும் கணினி தொங்குகிறது, யு.எஸ்.பி. இணைப்பு அறுகிறது

எஃப்.டி.8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) பழகுகிறவர்களின் தலைவலி இது. 15 விநாடிக்கு ஒரு சுழற்சி. அதில் சுமார் 12.6 விநாடி முழுச் சக்தியில் தொடர்ந்து அனுப்புகிறது. பேச்சில் வெளியே தெரியாத கோளாறு இங்கே அம்பலமாகிவிடும். இணைப்பு அறுந்து டிரான்ஸீவர் அனுப்பும் நிலையிலேயே மாட்டிக்கொண்டால் இறுதிநிலை டிரான்சிஸ்டர்கள் வெந்துபோகும். சோதனை முடியும்வரை மின்வழங்கியின் சுவிட்சுக்கு அருகில் கை இருக்கட்டும்.

சக்தியை 5 வாட்டுக்குக் குறையுங்கள். அப்போதும் அறுந்தால் ஆர்.எஃப். இல்லாமலும் இருக்கலாம், டிரைவர் மென்பொருள், பழுதான கேபிள், தளர்ந்த யு.எஸ்.பி. துளை ஆகியவற்றை முதலில் பாருங்கள். 5 வாட்டில் ஒழுங்காக இருந்து 30, 40 வாட்டுக்கு மேல் அறுந்தால் தொடர்ந்து படியுங்கள்.

மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் ஓட்டுங்கள். குணமானால் வெளியோட்டம் சார்ஜர் வயர் வழியாக மின்சுற்றுக்குள் பாய்கிறது. சார்ஜர் வயரை ஃபெரைட்டில் சுற்றுங்கள்.

குணமாகவில்லையென்றால் யு.எஸ்.பி. கேபிளைக் குட்டையானதாக மாற்றி, அதே 31 கலவைக் கிளிப்பில் நான்கைந்து சுற்று. ஒரே ஒருமுறை நுழைத்து மூடிய கிளிப் 7 மெகாஹெர்ட்ஸில் சில பத்து ஓம்தான் தரும், அது போதாது. சுற்று இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு, மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு. பத்துக் கிளிப்புகளை வரிசையாக மாட்டுவதைவிடப் பெரிய துளையுள்ள ஒன்றில் ஐந்து சுற்று சுற்றுவது மலிவு.

இவை கணினியைக் காக்கும் வேலைகள்தாம். மீட்டரில் கேபிளின் முள் இன்னும் உயர்ந்தே இருந்தால், முதல் அறிகுறியில் சொன்ன ஊட்டுமுனைச் சோக்கைச் செய்தே ஆக வேண்டும்.

## அறிகுறி: அனுப்பும்போது தொல்லை இல்லை, கேட்கும்போது இரைச்சல் கொட்டுகிறது

பலர் இதை வெளியோட்டத்தோடு சேர்த்து நினைப்பதே இல்லை. கேபிளின் வெளிப்புறம் அனுப்பும்போது கதிர்வீசினால், கேட்கும்போது அதே வெளிப்புறம் வீட்டிலுள்ள இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு ஊட்டுமுனைக்கு ஏறி, அங்கே உள்ளே புகுந்து டிரான்ஸீவருக்கு இறங்கும். எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், கண்காணிப்புக் கேமரா அடாப்டர், வீட்டு இன்வெர்ட்டர், கூரைச் சூரியத் தகடு என ஒவ்வொன்றும் சேர்ந்து பாடும்.

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. சரியாகச் செய்தால் கிடைக்கும் பரிசு பெரியது: முன்பு கேட்காத நிலையங்கள் கேட்கத் தொடங்கும்.

டிரான்ஸீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். எஸ் மீட்டர் (கேட்கும் ஒலியலையின் வலிமையை எஸ் 1, எஸ் 2 என்று காட்டுவது) காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, இரைச்சல் தெருவிலிருந்து வருகிறது என்று தவறாக முடிவுசெய்கிறார்கள்.

இரைச்சல் குறையவில்லை. மூலம் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அக்கம்பக்கத்தாரிடம் இனிமையாகப் பேசத்தான் வேண்டும். ஆனாலும் ஊட்டுமுனைச் சோக் இல்லாவிட்டால் அதைப் போட்டபின் மறுபடி கேளுங்கள். வெளி இரைச்சலும் மின்கம்பி வழியாக உங்கள் கேபிளுக்கு வந்துகொண்டிருக்கலாம்.

சட்டென்று குறைந்தது. மெயினைப் போட்டு ஒவ்வொரு சுற்றாக எம்.சி.பி. வழியே இயக்குங்கள். எந்தச் சுற்றில் இரைச்சல் ஏறுகிறதோ, அதிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பெரும்பாலும் மலிவான சார்ஜரோ எல்.இ.டி. டிரைவரோ சிக்கும். மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாததற்கு அதன் வயரில் ஃபெரைட் சுற்று.

சூரியத் தகடு உள்ள ஒரு வீட்டில் பகல் முழுவதும் 40 மீட்டரில் எஸ் 8 இரைச்சல்; சூரியன் மறைந்ததும் அடங்கிவிடும். மாடிக்குப் போய்ப் பார்த்தால், தகட்டிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் டி.சி. வயர்களும் கோஆக்ஸ் கேபிளும் ஒரே பி.வி.சி. குழாயில் வந்திருந்தன. துளை போடும் செலவு மிச்சம் என்று யாரோ செய்தது. கேபிளைப் பிரித்து எதிர்ச்சுவரில் இறக்கி, ஊட்டுமுனையில் ஒரு சோக்கும் சுவரருகே ஒரு சோக்கும் போட்டபின் எஸ் 4. அந்த நண்பருக்கு அன்று மதியமே இலங்கை நிலையம் ஒன்று தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தில் பார்த்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

சூரிய இன்வெர்ட்டரின் உள்ளே கை வைக்காதீர்கள். பகலில் அந்த டி.சி. வயர்களில் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் தகட்டுப் பக்கம் அது போகாது. அங்கே ஃபெரைட் தேவைப்பட்டால் நிறுவியவரை அழைத்துப் போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: அழைப்பு மணி தானாக அடிக்கிறது, ஸ்பீக்கரில் குரல், விளக்கு மின்னுகிறது

டம்மி லோடில் வராமல் ஆன்டெனாவில் மட்டும் வந்தால் இரண்டு வாய்ப்பு. ஆன்டெனா நேரடியாகக் கதிர்வீசி அந்தக் கருவிக்குள் புகுவது ஒன்று. வீட்டுக்குள் ஓடும் கேபிள் கதிர்வீசுவது மற்றொன்று. ஊட்டுமுனையிலும் சுவரிலும் சோக் போட்டபின் குறைந்தால் இரண்டாவது. குறையாவிட்டால் தொல்லைப்படும் கருவியின் வயர்களில், கருவிக்கு மிக அருகே, ஃபெரைட் சுற்றுங்கள். ஸ்பீக்கர் வயர் முதலில், பிறகு மின்வயர்.

அனுப்பும்போது வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் மேற்சொன்ன வரிசையிலேயே போங்கள். அனுப்பாதபோதும் விழுந்தால் அதற்குக் காரணம் ஆர்.எஃப். இல்லை, மின்பணியாளரை அழையுங்கள். விழுவதைத் தவிர்க்க அதைக் கழற்றிவிடுவது குற்றத்துக்குச் சமம்.

## அறிகுறி: முனையில் ஊட்டும் கம்பி போட்டதிலிருந்து எல்லாத் தொல்லையும் வருகிறது

இட நெருக்கடியில் பலரும் 49:1 மின்மாற்றி வைத்த அரை அலைக் கம்பிக்குப் போகிறார்கள். மாடியிலிருந்து எதிரே உள்ள தென்னைமரத்துக்கு ஒரே கம்பி. அழகான ஏற்பாடு. ஆனால் மின்னோட்டம் ஒரு பக்கமாக மட்டும் போக முடியாது. அதற்கு மறுபாதி வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் கேபிளின் பின்னலை அதுவே எடுத்துக்கொள்ளும்.

மின்மாற்றிப் பெட்டியின் எர்த் திருகில் சுமார் 2 மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டித் தனியாகத் தொங்கவிடுங்கள். 40 மீட்டரில் அது அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு. இப்போது மீட்டரைப் பாருங்கள். முள் இறங்கினால் கம்பியை அங்கேயே நிலையாக வையுங்கள். பெட்டிக்கு உடனே கீழே சோக் போடலாம்.

மறுபாதிக் கம்பி கட்ட வழியே இல்லாதவர்கள் பெட்டியிலிருந்து அதே 2 மீட்டர் கேபிளை விட்டு, அந்த இடத்தில் சோக் போட வேண்டும். அந்தத் துண்டுக் கேபிளே மறுபாதியாக வேலை செய்யும். பெட்டியோடு ஒட்டிச் சோக் போட்டு மறுபாதியும் கொடுக்காவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். தாறுமாறாகும். "சோக் போட்டதும் ஆன்டெனா கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களுக்கு இதுதான் காரணம். ஆன்டெனா கெடவில்லை; அதன் இன்னொரு காலை வெட்டிவிட்டோம்.

9:1 மின்மாற்றி வைத்து, கிடைத்த நீளத்தில் கட்டும் கம்பிக்கும் இதே கதை. அதற்கு மறுபாதிக் கம்பி இன்னும் நீளமாக, இயன்றால் இரண்டு மூன்று கம்பிகளாக வேண்டும்.

## அறிகுறி: சோக் போட்டும் பயனில்லை, அல்லது சோக் சுடுகிறது

### வளையம் எந்த நிறம்?

சிவப்பாகவோ மஞ்சளாகவோ வண்ணம் பூசிய வளையமா? பழைய கணினி மின்வழங்கியிலிருந்து எடுத்த, ஒரு பக்கம் வெள்ளை பூசிய மஞ்சள் வளையமா? அவை இரும்புத்தூள் வகை. வேறு வேலைகளுக்கு நல்லவை, சோக்குக்கு ஆகாதவை. சென்னை ரிச்சி தெருவில் பெட்டி நிறைய மலிவாகக் கிடைக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அடையாளம் தெரியாத கறுப்பு வளையமானால் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

### அளப்பது எப்படி?

நானோ வி.என்.ஏ. (ஆன்டெனா, கேபிள் போன்றவற்றை அளக்கும் சிறு கருவி) வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். சோக்கின் இரு முனைகளிலும் மையக் கம்பியைப் பின்னலோடு சேர்த்து, அதை ஒரே கம்பியாகப் பாவித்து இரண்டு துளைகளுக்கும் இடையே தொடராக மாட்டுங்கள். உங்கள் அலைவரிசையில் 21 டெசிபெல் இழப்பு காட்டினால் சோக்கின் தடை ஏறக்குறைய 1,000 ஓம். 34 டெசிபெல் காட்டினால் 5,000 ஓம். நான் 30-க்குக் கீழே ஒன்றையும் மாடிக்கு ஏற்றுவதில்லை.

### பி.வி.சி. குழாயில் சுற்றிய கேபிள் போதாதா?

நான்கு அங்குலக் குழாயில் ஆறு மீட்டர் கேபிளைப் பதினாறு சுற்றுச் சுற்றினால் ஓரிரு அலைவரிசைகளில் நன்றாகவே தடுக்கும். காசில்லாதபோது செய்யுங்கள். வேறு அலைவரிசைக்கு மாறினால் அதே சுருள் கேபிளோடு சேர்ந்து ஒத்ததிர்ந்து நிலைமையை மோசமாக்கவும் கூடும். கைக்கு வந்தபடி கத்தையாகக் கட்டிய சுருள் இன்னும் மோசம். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே வரக்கூடாது.

### சோக் சுடுகிறது

ஐந்து நிமிடம் அனுப்பி நிறுத்தியபின் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் தடை போதவில்லை. மின்னோட்டம் இன்னும் ஓடி வெப்பமாகிறது. இரண்டாவது வளையத்தில் இன்னொரு சோக்கைத் தொடராகச் சேருங்கள். அதுவரை எஃப்.டி.8 வேண்டாம்.

## அறிகுறி: மழைக்குப் பிறகு மட்டும் வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வேலை கூடுகிறது. கனெக்டருக்குள் நீர் இறங்கிப் பின்னல் பச்சை பூத்துக் கறுத்துப்போகும். கடலோரத்தில் உப்புக்காற்று அந்த வேலையை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடும். மாடி முனையில் கேபிளை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். பின்னல் செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்புப் போகவில்லையென்றால் கேபிளையே மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

புதிய கனெக்டரின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் சாதாரண பி.வி.சி. டேப். சோக் பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை. கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொய்வு விடுங்கள். மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

## எப்போது வெளியாள் வேண்டும்

டம்மி லோடை டிரான்ஸீவரிலேயே மாட்டியும் அறிகுறி நீடித்தால் டிரான்ஸீவர் பழுது பார்ப்பவர். ஊட்டுமுனையிலும் சுவரிலும் அளந்து பார்த்த சோக்குகள் இருந்தும் முள் இறங்காவிட்டால், உங்கள் ஊர் ஹாம் சங்கத்தில் வி.என்.ஏ. பழகிய மூத்தவர் ஒருவரை நேரில் மாடிக்கு அழையுங்கள். தொலைபேசியில் சொல்லித் தீராததை நேரில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார், பெரும்பாலும் கொடிக்கம்பி மாதிரி ஏதோ ஒன்றை.

இரும்புக் கோபுரத்தின் மேல் முனையில் சோக் மாற்ற வேண்டுமென்றால் இடைவாரும் பழக்கமும் உள்ள ஆளை வையுங்கள். இடி கேட்கும் நாளில் யாரும் ஏற வேண்டாம். கேபிளையும் கழற்றிச் சுவருக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஆன்டெனாக் கம்பியோ அதைத் தாங்கும் கயிறோ அறுந்தால் மின்வாரியத்தின் மேல்நிலைக் கம்பியில் விழக்கூடிய தூரத்தில் இருந்தால் அந்த ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள். ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால் கேபிளையும் டிரான்ஸீவரையும் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டு மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று சொல்லும்வரை மாடிக்கும் போகாதீர்கள்.